பன்னிரண்டாம் மாடி டாக்டர்

அன்பும் மதிப்பும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார், பதினோராவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரமாக உட்கார்ந்து எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் பேரனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நானும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம்தான். மற்றதைப் பொறுத்துத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே உங்கள் அத்தை பக்கத்தில் வந்து நின்று முழங்கையைக் கிள்ளுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் “வீடு எப்படி இருக்கு மாமா?” என்று கேட்டபோது நான் “ஆஆ… நல்லா இருக்கு” என்றேன் அல்லவா, அந்த “ஆஆ” சந்தோஷத்தில் வந்தது இல்லை.

குறை சொல்வதற்காக எழுதுகிறேன் என்று தயவுசெய்து நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் கிடந்து உழைத்து இந்த வீட்டை வாங்கி, பூட்டிப் போட்டால் பாழாகும், மாமாவும் அத்தையும் போய் ராஜா ராணி மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தது உங்கள் பெரிய மனசு. எந்த மாப்பிள்ளை இந்தக் காலத்தில் அப்படி நினைக்கிறார்? “இந்த ஏரியா அஞ்சு வருஷத்துல எங்கேயோ போயிடும் மாமா” என்று சொல்லித்தான் எங்களை ஏற்றிவிட்டீர்கள். ஏரியா எங்கேயும் போகவில்லை மாப்பிள்ளை. இங்கேயேதான் இருக்கிறது. போய்விடுவேன் போல இருப்பது நான்தான். ரயில்வேயில் டிக்கெட் கவுன்ட்டருக்குள், கம்பிவலைக்குப் பின்னால், தரையில் கால் பதித்து உட்கார்ந்தே உத்தியோகத்தை முடித்தவன் நான். கையை மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே நீட்டிப் பழக்கப்பட்டவனை இப்படி ஆகாயத்தில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்திருக்க நியாயமில்லை. நானே யோசிக்கவில்லை.

பால்கனியில் நின்றால் நாலு ஊர் தெரியும் என்று வீடு விற்ற கம்பெனி கொடுத்த படம் போட்ட புத்தகத்தில் இருந்ததே, அது உண்மைதான் என்று உங்கள் அத்தை சொல்கிறாள். நான் பால்கனிக் கதவு வரைக்கும்தான் போயிருக்கிறேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தவை சொல்கிறேன். பள்ளிக்கூடம் வரப்போகிற இடத்தில் தண்ணீர் நிற்கிறது. ஆஸ்பத்திரி வரப்போகிற இடத்தில் ஆஸ்பத்திரியின் படம் நிற்கிறது. எட்டுவழிச் சாலை வரப்போகிற இடத்தில் ஆடுகள், எட்டு வழியிலும் போகின்றன. நடுவில் எங்கே பார்த்தாலும் கல் நட்டு, கல்லுக்குக் கல் கலர் கொடி கட்டியிருக்கிறார்கள். காற்று அடித்தால் அத்தனை கொடியும் சேர்ந்து படபடவென்று அடிக்கிற சத்தத்தில் என் நெஞ்சு எது, கொடி எது என்று தெரிவதில்லை. கட்டடத்தில் மொத்த வீடும் விற்றாகிவிட்டதாம். கீழே ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் சேல்ஸ் மேனேஜர், கழுத்தில் டை கட்டிய நல்ல பிள்ளை, அவர் வாயாலேயே சொன்னார். “புக்கிங்ல ஃபுல் சார். இருக்கிறது ஒண்ணு ரெண்டுதான், அதுவும் போயிடும்.” அப்படியானால் வாங்கினவர்கள் எல்லாம் எங்கே தம்பி என்று கேட்டேன். “வருவாங்க சார்” என்றார். நாங்கள் வந்து மழைக்காலம் போய் வெயில் காலமும் வந்துவிட்டது. யாரும் வரவில்லை. அத்தனை மாடியிலும் அத்தனை கதவும் பூட்டு. நம் வீட்டு மிக்ஸியைப் போட்டால் கட்டடம் முழுக்க எதிரொலித்து, பக்கத்து வீட்டிலும் அரைக்கிறார்கள் போல இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் ஆசையாக இருக்கும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

இதெல்லாம்கூடப் பழகியிருப்பேன். தலைக்கு மேலே சத்தம் கேட்க ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தால் போதும், மேலே “டொக், டொக்”. அப்புறம் எதையோ இழுக்கிற சத்தம். அப்புறம், மாப்பிள்ளை, ஒரு குழந்தை அழுகிற சத்தம். உங்கள் அத்தையை எழுப்பினேன்.

“காத்துங்க” என்றாள்.

“காத்து எங்கேயாவது அழுமா?”

“பைப்புல போனா அப்படித்தான் அழும். படுங்க.”

படுத்தேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்று, ஒரு பெண்பிள்ளை குரல் தாலாட்டுப் பாட ஆரம்பித்தது. “இப்ப பாட்டு கேட்குதே, இதுவும் பைப்பா?” என்றேன். “ரெண்டு பைப்பு இருக்கும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கீழே போய் மேனேஜரிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். “மேலயா? பன்னெண்டாவது மாடிக்கு இன்னும் ஜன்னலே மாட்டல சார். அங்க யாரு இருப்பாங்க?” என்னைத் தைரியப்படுத்துவதற்காகத்தான் சொன்னார், பாவம். யாராவது இருந்திருந்தால் பயம் பாதியாகியிருக்கும். யாருமே இல்லாத இடத்தில் ஒரு குழந்தையும் தாயும் இருக்கிறார்கள் என்றால் அது என்ன கணக்கு? அன்றிலிருந்து நான் மத்தியானம் தூங்குவதில்லை. கதவுக்கு முட்டுக் கொடுத்து நாற்காலியைப் போட்டு, அதில் நானே உட்கார்ந்திருப்பேன். உங்கள் அத்தையோ “காத்தாட நடந்துட்டு வர்றேன், எந்திரிங்க” என்று என்னை எழுப்பிவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டு, தினமும் மாடிப்படிப் பக்கம் போய்விடுவாள். இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம்தான் லிஃப்ட். போன மாதம் ஒரு நாள் பால் வாங்கிக்கொண்டு மேலே வரும்போது பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. ஜெனரேட்டர் வரப்போகிறதாம், இன்னும் வரவில்லை. மணியை அழுத்தினேன். அந்த மணி லிஃப்டுக்குள்ளேயே அடிக்கிறது மாப்பிள்ளை, எனக்கே அடித்துக் காட்டுகிறது. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை. நான் கத்தினேன். உத்தியோகத்தில் இருந்தபோது வரிசையில் நிற்காதவர்களைப் பார்த்துக் கத்துவேனே, அந்தக் குரல். பதில் இல்லை. சரி, பாலோடு பாலாக நாமும் இங்கேயே புளித்துப்போக வேண்டியதுதான் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது படியில் யாரோ இறங்கி வருகிற சத்தம். கீழிருந்து ஏறி வந்தால் வாட்ச்மேன் என்று நினைக்கலாம். இது மேலிருந்து வருகிறது. பன்னிரண்டாவது மாடியிலிருந்து. காலில் செருப்பு இல்லாத நடை. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

“யாரு உள்ள?” ஒரு ஆண் குரல்.

நான் பாலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலைக்கு நகர்ந்தேன்.

“ஐயா, நீங்களா? பதினோராவது மாடி ஐயாவா?”

என் மாடி வரைக்கும் தெரிந்து வைத்திருக்கிறது! எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. எப்படியோ பிய்த்துக்கொண்டு, “இங்க யாரும் இல்ல!” என்று கத்திவிட்டேன்.

அந்தப் பக்கம் கொஞ்சம் யோசித்தது. “யாரும் இல்லன்னா இப்ப பேசுனது யாரு?” என்றது. பின்னால் ஒரு பெண் குரல் சிரித்தது. குழந்தை ஒன்று ‘ங்கா’ என்றது. எல்லாம் சேர்ந்துதான் வந்திருக்கின்றன, குடும்பத்தோடு. கதவு இடுக்கில் ஒரு இரும்புக் கம்பி நுழைந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு கை. விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சாம்பல் பூத்த கை மாப்பிள்ளை. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த ஸ்டேஷன் பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தேன். பயத்தில் எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை. நாலைந்து ஸ்டேஷன் போயிருக்கும், “ஏங்க, கண்ணைத் திறந்து கையைக் குடுங்க, கொத்தனாரு எவ்வளவு நேரம் கதவைப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு?” என்று கேட்டது. அது உங்கள் அத்தையின் குரல்.

அந்தக் கை ஒரு கொத்தனாருடையது. பூத்திருந்தது சாம்பல் இல்லை, சிமென்ட். பக்கத்தில் அவர் மனைவி, இடுப்பில் கைக்குழந்தை. என்னைப் பொட்டலம் மாதிரி வெளியே தூக்கி வைத்தார்கள். “உனக்கு இவங்களைத் தெரியுமா?” என்று அத்தையைக் கேட்டேன். “வந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து தெரியும்” என்றாள். “அப்ப அந்தப் பைப்பு?” “உங்ககிட்ட சொன்னா பயத்துல கீழ போய் மேனேஜர்கிட்ட உளறிடுவீங்க.” நான் ஏற்கெனவே உளறியிருந்தது அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் மாப்பிள்ளை. நம் வீட்டுச் சமையலறைச் சுவர் அவர் பூசியதாம். பக்கத்தில் இரண்டாவது கட்டடம் தொடங்கப்போகிறோம், இங்கேயே இருங்கள் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது தொடங்கவில்லை. அவர்கள் இருந்த தகரக் கொட்டகையை, வீடு பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிறது என்று பிரித்துவிட்டார்கள். போக இடம் இல்லாமல், பின்பக்கப் படிவழியாக ஏறிப் பன்னிரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத வீட்டில் சாக்கைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். “வெளிய தெரிஞ்சா அன்னைக்கே இறக்கிடுவாங்கய்யா. பச்சப்புள்ளய வச்சுக்கிட்டு எங்க போக?” என்று அந்தப் பெண் கேட்டாள். குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து பேய்ப் பயம் போய்ப் போலீஸ் பயம் வந்துவிட்டது. பேய்ப் பயமே பரவாயில்லை.

இனிமேல்தான் நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டிய விஷயம். மேனேஜர் வீடு பார்க்க வருகிறவர்களை நம் வீட்டுக்கு அழைத்து வருவது உங்களுக்குத் தெரியும். குடியிருக்கிற வீடு என்று காட்ட இந்தக் கட்டடத்தில் நம் வீடு ஒன்றுதானே இருக்கிறது. “சும்மா சோபாவுல சிரிச்ச முகமா உட்காருங்க சார், போதும்” என்பார். நான் சிரித்த முகமாக உட்காருவதைப் பார்த்து ஒருத்தர் “சாருக்குப் பல்வலியா?” என்று கேட்டிருக்கிறார். அப்படித்தான் போன வாரத்துக்கு முந்தின வாரம் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வந்தார்கள். அந்த மனிதருக்கு முழங்கால் வலி. நம் சோபாவில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு, மார்க்கெட் எப்படி, ரேட் எப்படி ஏறும் என்று மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் மட்டும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று மேலே “டொக்”.

“மேல யாரு இருக்காங்க?” என்று அந்த அம்மாள் கேட்டாள். மேனேஜர் “யாரும்…” என்று ஆரம்பிப்பதற்குள் எனக்கு உடம்பெல்லாம் வியர்த்து, வாய் தானாகவே திறந்து, “டாக்டர்! டாக்டர் குடும்பம்!” என்று சொல்லிவிட்டது. டாக்டர் என்று ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அவர்தான் என்று நினைக்கிறேன். மேனேஜர் என் காதில் “எப்ப சார் குடி வந்தாரு? என்கிட்ட சொல்லவே இல்லையே!” என்று முணுமுணுத்துவிட்டு, சத்தமாக, “ஆமா மேடம், பெரிய டாக்டர்!” என்றார். அவ்வளவுதான், முழங்கால்காரர் எழுந்துவிட்டார். “டாக்டரா? ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாமே, இந்தக் காலைக் காட்டணும்.” படியை நோக்கி நொண்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். உங்கள் அத்தைதான் குறுக்கே போய், “காலு வலியோட நீங்க ஏன் படி ஏறணும்? நானே கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். போகிற போக்கில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளைச் சட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு போனதை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் இறங்கி வந்தார். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். என் சட்டை அவருக்குத் தோளில் பிடித்து, கையைத் தூக்க முடியாமல் விறைப்பாக இருந்தது. அதனாலேயே பெரிய டாக்டர் மாதிரி தெரிந்தார். இந்தக் கட்டடம் எழும்பிய காலம் முழுக்க மேனேஜர் தினமும் பார்த்த ஆள் அவர். “ஏய், ஓரமா நில்லு” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ! அன்றைக்கு எழுந்து நின்று, “வணக்கம் டாக்டர்” என்றார். அடையாளமே தெரியவில்லை. டாக்டருக்கு என்னைவிட உதறல். முழங்கால் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல், கை பழக்கத்தில், சுவரில் பூச்சு சரியாகப் பிடித்திருக்கிறதா என்று பார்க்கத் தட்டுவார்களே, அந்த மாதிரி விரல் மடக்கி முழங்காலை டொக் டொக் என்று தட்டினார். காதை வைத்துக் கேட்டார். கண்ணை ஒன்றை மூடிக்கொண்டு கால் நேராக இருக்கிறதா என்று பார்த்தார்.

“பழைய வேலைங்க. மேலால பூசுனா நிக்காது” என்றார். “கொஞ்ச நாளைக்கு இது மேல வெயிட்டு ஏத்தாதீங்க. ஆறட்டும். அவசரப்பட்டா விரிசல் விட்டுடும். எதுக்கும் பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடுங்க. நான் மருந்து எதுவும் தர்றதில்ல.”

முழங்கால்காரர் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. “எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கேன், ஒருத்தராவது இப்படிப் புரியுற மாதிரி பேசியிருக்காங்களா?” என்று பெண்டாட்டியிடம் சொன்னார். அன்றைக்கே பன்னிரண்டாவது மாடியில், டாக்டர் வீட்டுக்கு எதிர் வீட்டை, புக்கிங் செய்துவிட்டுப் போனார். “அடுத்த மாசம் வர்றேன் டாக்டர்” என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். மறுநாள் காலையிலேயே மேனேஜர், டாக்டர் குடியிருக்கிற மாடிக்கு ஜன்னல் இல்லாமல் இருக்கிறதே என்று பதறி, ஜன்னல்களை வரவழைத்துவிட்டார். மாட்டுவதற்கு ஆள் தேடினார். பின்பக்கம் நின்றுகொண்டிருந்த ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டார். யாரை என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். அழுக்குச் சட்டையோடு அவர் தன் வீட்டுக்குத் தானே ஜன்னல் வைத்துக்கொண்டிருக்கும்போது மேனேஜர் வாசலில் நின்று, “சீக்கிரம் முடிப்பா, டாக்டர் வந்துட்டா கோவிச்சுக்குவாரு” என்று விரட்டினார். சாயங்காலம் அதே ஆள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றபோது, மேனேஜர் வந்து “ஜன்னல் திருப்தியா டாக்டர்?” என்று கேட்டார். “இடது பக்கம் ஒண்ணு கொஞ்சம் சரியா உட்காரல” என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் கொத்தனாருக்கு அதற்காகத் திட்டு விழுந்தது.

அதோடு நிற்கவில்லை. வாசலில் புதிதாக ஒரு போர்டு, “மருத்துவர்கள் விரும்பி வாழும் வளாகம்” என்று. ஒரு டாக்டர் எப்போது பல டாக்டர்கள் ஆனார் என்று தெரியவில்லை. ரேட்டை ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய ரேட்டிலும் வந்து கேட்கிறார்கள். எல்லாரும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், “டாக்டர் எப்படி?” நான் “தங்கமான மனுஷன்” என்கிறேன். அது மட்டும்தான் நான் சொல்லும் உண்மை.

மாப்பிள்ளை, அடுத்த மாதம் முழங்கால்காரர் குடி வந்துவிடுவார். எதிர் வீட்டிலேயே இருந்தால் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? காலையில் சிமென்ட் பூசுகிற கரணையோடு கிளம்புகிற டாக்டரை அவர் பார்த்துவிட்டால் என்ன ஆவது? முதலில் என்னைத்தான் பிடிப்பார்கள், டாக்டர் என்று சொன்ன வாய் என்னுடையது. பென்ஷன் நின்றுவிடும். பேப்பரில் படம் வரும், கீழே உங்கள் பெயரும் வரும், வீட்டுக்குச் சொந்தக்காரர் நீங்கள்தானே. அந்தக் குடும்பத்தைக் குழந்தையோடு தெருவில் இறக்கிவிடுவார்கள். அப்படி இறக்கினால் நானும் கூடப் போகிறேன் என்று உங்கள் அத்தை சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னால் செய்வாள். ஆகையால் உங்கள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், கடிதம் கண்டவுடன் வீட்டை விற்றுவிடுங்கள். இந்த ரேட் இனி வராது என்று மேனேஜரே சொல்கிறார். எங்களுக்கு எங்கேயாவது ஒரு தரைத்தள வாடகை வீடு, இருட்டாக இருந்தாலும் பரவாயில்லை, அக்கம்பக்கத்தில் சண்டை போட நாலு பேர் இருந்தால் போதும். ஆனால் இந்த வீட்டை வாங்குகிறவரும் டாக்டரை நம்பித்தானே வாங்குவார், அந்தப் பாவம் யாருக்கு என்று நினைத்தால் அதற்கும் பயமாக இருக்கிறது. விற்காவிட்டால் பயம், விற்றாலும் பயம். நீங்கள் படித்தவர், யோசித்து ஒரு வழி செய்யுங்கள்.

நீங்களும் என் மகளும் பேரனும் மேன்மேலும் உயர்ந்து (உயரம் என்று எழுதும்போதே கை நடுங்குகிறது, மன்னிக்கவும்) நீண்டு அகன்று நிறைவாக வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் பணிவுள்ள மாமனார்

பின்குறிப்பு: இதை மடித்து உறையில் போடும்போது காலிங்பெல் அடித்தது. முழங்கால்காரர்! சாமான்கள் ஏற்றிய வண்டி கீழே நிற்கிறது என்றே நினைத்து எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. “எப்ப சார் குடி வர்றீங்க?” என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். “குடியா? இந்த அத்துவானக் காட்டுலயா? ரேட் ஏறுனதும் வித்துடலாம்னு வாங்கிப் போட்டேன் சார். எல்லாரும் அதுக்குத்தானே வாங்குறாங்க. நீங்க ஒருத்தர்தான் நெசமாவே குடியிருக்கீங்க.” ஒருத்தரும் வரப்போவதில்லையாம் மாப்பிள்ளை, ஒருத்தரும்! வீடு பூட்டிக் கிடந்தால் தூசி அடையும், டாக்டர் குடும்பம் தாராளமாகப் புழங்கிக்கொள்ளட்டும் என்று எதிர் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார். ஆகையால் மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடவும். வீட்டை விற்க வேண்டாம். இன்னொன்று. அடுத்த வாரம் அவர் தன் மாமியாரை டாக்டரிடம் காட்டக் கூட்டி வருகிறாராம். அவர் போன பிறகு மேலிருந்து இறங்கி வந்த கொத்தனார் விஷயத்தைக் கேட்டு வெளிறிப்போய், “ஐயா, பேசாம நாங்க எங்கேயாவது போயிடறோம்” என்று எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்து, “பயப்படாதீங்க, நான் இருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். உங்கள் அத்தை குழந்தையை வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை.